"நீ கேட்டுச் செய்ததுதானே": வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சீனி வருத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள்.

இரண்டரை வருடங்களுக்கு முன் நிறையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ, இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தேன். தனியார் மருத்துவமனை என்பதால் பெரிய செலவு. தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளைச் செட்டியார் தெருவில் அடகு வைத்தோம். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இன்சுலின் நின்றது. நான்காம் மாடிக்கு ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பித்தப்பையில் கல் என்று அதையும் எடுத்தார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இப்போது இரவானால் புளித்த நீர் தொண்டை வரை ஏறுகிறது. மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குகிறேன். சோறு ஒரு வாய் கூடினால் சத்தி. மூன்று வாரமாக அநேகமாக ஒவ்வொரு நாளும். போன முறை வைத்தியரிடம் போனபோது தராசு 66 காட்டியது. அவர் மகிழ்ந்து, "மிகவும் நல்லது" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அமிலம் குளிசைக்கு அடங்காவிட்டால் இரைப்பை பைபாஸ் முறைக்கு (இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் சத்திரசிகிச்சைக்கு) மாற்ற வேண்டி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தவணைக்குப் போகவும் இல்லை.

கணவர் கெட்டவர் அல்ல. ஆனால் நான் குளியலறையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரே வசனம்: "நீ கேட்டுச் செய்ததுதானே." அதற்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் எழும்பாமலே போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று சில இரவுகளில் தோன்றுகிறது. இப்போது சித்தியின் மகளும் இதே சத்திரசிகிச்சை செய்ய நினைக்கிறாள். எப்படி என்று என்னைக் கேட்டாள். "அருமை" என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அதில் சொன்ன இரண்டு விடயங்களை இங்கேயும் சொல்கிறேன். இதே நிலையில் இன்னொருவர் இதை வாசிக்கக்கூடும்.

முதலாவது, "எழும்பாமலே போனால்" என்ற அந்த வரி. பெருமூச்சு விடுவதுபோல எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, பிந்திய வருடங்களில் தங்களையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த விடயம். ஆகவே இதையும் ஒரு சிக்கலாகவே எடுங்கள், பித்தக்கல்லைப் போல. அந்த எண்ணம் வரும் இரவில் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள். கணவரை எழுப்பி, எனக்கு எழுதிய அந்த வரியை அப்படியே அவருக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, மூன்று வாரச் சத்தி. நான் வைத்தியர் அல்ல, ஆனால் இதைச் சொல்ல வைத்தியராக இருக்கத் தேவையில்லை: தவணைத் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். இப்படித் தொடர்ந்து சத்தி எடுப்பவர்களுக்கு உடம்பில் விற்றமின் பி1 வற்றிவிடக்கூடும். அது மூளையையும் நரம்புகளையும் தாக்கும். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சும் நினைவும் குழம்பினாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கணவரின் அந்த வசனத்துக்கு வருகிறேன். "நீ கேட்டுச் செய்ததுதானே."

இருதயத்துக்கு பைபாஸ் செய்த ஒருவருக்கு நெஞ்சுக் காயம் ஆறாமல் போனால், வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா? ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமுமாக உறவு முழுக்க வாசலில் நிற்கும். அவரும் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் சத்திரசிகிச்சை மேசையில் ஏறினார். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவராகவும் இருக்கலாம், அதை யாரும் அந்த நேரத்தில் கிளறுவதில்லை. ஆனால் பருத்த ஒரு பெண்ணின் உடம்பில் ஏதாவது பிழைத்தால் மட்டும் எல்லோரும் கணக்காய்வாளராகிவிடுகிறார்கள். உங்கள் சம்மதப் பத்திரத்தில் ஆபத்துகள் எழுதப்பட்டிருந்திருக்கும், நீங்களும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அவை வந்துசேர்ந்த பிறகு நோகவில்லை என்று நடிப்பதற்கு நீங்கள் எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் வைக்கவில்லை.

கணவர் சொல்லாவிட்டாலும் அந்த வசனத்தை உங்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாய் கூடச் சாப்பிட்டதால் வந்த தண்டனை என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நடந்தது என்ன என்று பாருங்கள். உங்களுக்குச் செய்த முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாய். அதற்கு முன்புபோல விரிந்துகொடுக்கத் தெரியாது. உள்ளே அமுக்கம் கூடும், அமிலம் மேலே ஏறும். இந்த முறையில் மிக அதிகமாகப் பேசப்படும் பின்விளைவே அதுதான். குழாய் எங்காவது ஒடுங்கியிருந்தால் சத்தியும் சேரும். நிறை வேகமாக இறங்கும் எவருக்கும் பித்தக்கல் வரலாம். முடி கொட்டுவதும் அப்படித்தான், உடம்பு அதிர்ச்சியிலிருந்து தேறி, புரதமும் இரும்பும் சரியாகக் கிடைத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். இதில் எந்த இடத்திலும் உங்கள் குணக்கேடு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது தராசுதான். சத்தி எடுத்து எடுத்து இறங்கிய நிறை அது. வைத்தியருக்கு அது தெரியாது. அவர் எண்ணைப் பார்த்தார், எண் அழகாக இருந்தது. கொழும்பில் சனல் செய்து ஒரு நிபுணரைப் பார்ப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். கையில் இலக்கத் துண்டு, மாலை ஆறு மணி என்று சொன்னவர் எட்டரைக்கு வருவார், உள்ளே போனால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் சிரித்துவிட்டு வருவது மிகவும் சுலபம்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1950களில் தொடங்கி 1970கள் வரை அமெரிக்காவில் ஒரு முறை நடைமுறையில் இருந்தது. சாப்பாடு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தொடாமலே போகுமாறு குடலை மாற்றி இணைத்தார்கள். நிறை நன்றாகவே குறைந்தது. கூடவே நிற்காத வயிற்றோட்டமும் சிறுநீரகக் கல்லும் வந்தன, சிலருக்கு ஈரலே செயலிழந்தது. பலருக்கு வயிற்றை மறுபடி திறந்து பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள். இதற்கிடையில், 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடக்கிவைத்த இரைப்பை பைபாஸ்தான், பல திருத்தங்களுக்குப் பிறகு, உங்கள் வைத்தியர் இன்று சொல்லும் பைபாஸாகியிருக்கிறது. அந்தப் பழைய நோயாளிகள் எல்லோரும் நிறை குறைந்த நன்றியில் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எதைத் திருத்தியிருப்பார்கள்? இந்தத் துறையே முறைப்பாட்டில் வளர்ந்த துறை. நீங்கள் மட்டும் ஏன் வைத்தியரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆகவே போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். எந்தச் சாப்பாட்டுக்குச் சத்தி வருகிறது, நாளுக்கு எத்தனை தடவை, இரவில் எத்தனை மணிக்கு நெஞ்செரிந்து எழும்புகிறீர்கள், மூன்று தலையணை, எல்லாவற்றையும் எழுதுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது என்றால் உங்கள் மூத்த பிள்ளையிடம் கேட்காமல், பெரியவர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவியுங்கள். கடைசி வரியில், அழுகிறேன், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்பதையும் எழுத வேண்டும். தாளைத் தராசில் ஏறுவதற்கு முன் கொடுங்கள், ஏறி இறங்கிய பிறகு வேண்டாம்.

மனநல வைத்தியரிடம் அனுப்பினால் மறுக்காதீர்கள். இரும்பும் பி12உம் குறைந்தாலே மனிதர் சோர்ந்து துவண்டுபோவார்கள், இரத்தப் பரிசோதனை அதையும் சேர்த்துப் பார்க்கட்டும். மனச்சோர்வுக்குக் குளிசை எழுதினால் சத்திரசிகிச்சை செய்ததை அவருக்கும் சொல்லுங்கள். இதற்குப் பிறகு சில மருந்துகளை உடம்பு உறிஞ்சும் அளவு மாறக்கூடும்.

எந்தக் குளிசையும் தொடாத ஒரு துக்கமும் இருக்கிறது, அதை யாரும் துக்கமாகக் கணக்கெடுப்பதில்லை. கவலை வந்தால் நமக்கெல்லாம் சாப்பாடுதான் முதல் ஆறுதல். மழை நாளில் சுடச்சுடக் குழல் புட்டும் மீன் குழம்பும், இரவு பத்து மணிக்குக் காலி வீதியில் கொத்து ரொட்டி தட்டும் சத்தமும் உங்களுக்கும் ஒரு காலத்தில் துணையாக இருந்திருக்கும். அந்தத் துணையை வெட்டி எடுத்துவிட்டார்கள், கவலையை அப்படியே விட்டுவிட்டார்கள். கலியாண மண்டபத்தில் அரைத் தோசையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "மெலிந்து வடிவாகிவிட்டாய்" என்று சொன்ன அதே மாமி கை கழுவும் இடத்தில் "முகம் வற்றிப்போனதே, ஏதும் வருத்தமா?" என்று கேட்பார். (இந்த மாமிமார் பம்பலப்பிட்டியிலும் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். தப்ப வழியில்லை.) இன்சுலின் நின்றதற்கு மகிழ்வதும் புட்டுக்காக அழுவதும் ஒரே நாளில் நடக்கலாம். அழுதால் நன்றி கெட்டவள் என்று ஆகிவிடாது.

கணவரைப் பற்றி. அவர் சொல்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நகை அடகில் இருக்கிறது, மனைவி ஒவ்வொரு நாளும் சத்தி எடுக்கிறாள், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பயந்த ஆண்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் கோபமாகத்தான் பேசுவார்கள். அடுத்த முறை வைத்தியரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே கதிரையில் இருத்திவிடாமல் அறைக்குள்ளேயே. அமிலம் ஏன் ஏறுகிறது என்று வைத்தியர் படம் கீறிக் காட்டும்போது அவரும் பார்க்கட்டும்.

இரண்டாவது சத்திரசிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல எனக்குத் தகுதியில்லை. வைத்தியர் அந்தப் பேச்சை எடுத்தால் கேட்க வேண்டியவை சில. எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறார்? ஒடுக்கம் இருந்தால் கமரா விட்டு விரிக்கும் வழி இருக்கிறதா? பொறுத்திருந்தால் என்ன ஆகும்? பைபாஸ் பெரும்பாலும் அமிலத்தை அடக்கும், ஆனால் இனிப்பு உண்டபின் படபடத்து வியர்த்து வயிறு புரள்வது, இணைப்பில் புண் வருவது என்று அதற்கும் தனிக் கோளாறுகள் உண்டு. விற்றமின் குளிசைகள் ஆயுள் முழுக்க. ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகளைத் தவிர்க்க வேண்டிவரும். இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணரிடமும் காட்டுங்கள். பழைய செலவு வீணாகிவிடக்கூடாது என்ற குற்ற உணர்வில் மட்டும் "சரி" சொல்லிவிடாதீர்கள்.

சித்தியின் மகளிடம் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். "அருமை" என்று சொன்னால் நகைக்குக் கணக்குச் சரியாகிவிடும், அவ்வளவுதான். அவளுக்குத் திரும்பவும் தொலைபேசி எடுங்கள். இன்சுலின் நின்றதைச் சொல்லுங்கள், தலையணைகளையும் சொல்லுங்கள். செய்யலாமா வேண்டாமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, எத்தனையோ பேர் இதைச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். தனக்குப் பொருத்தமான முறை எது, ஏற்கனவே நெஞ்செரிவு இருக்கிறதா என்று பார்த்தார்களா, வீட்டுக்கு வந்த பிறகு நள்ளிரவில் ஏதாவது என்றால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி ஒரு இலக்கம் தந்தார்களா என்று கடிதத்தில் இல்லை. தந்திருக்காவிட்டால் இந்த வாரம் போகும்போது நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.