நாய் வாயில் சிக்கிய குச்சி: இழுக்கலாமா?

கேள்வி: குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த எங்கள் நாய் திடீரென முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது. மூச்சு சீராகத்தான் இருக்கிறது. கையை விட்டு இழுத்துவிடலாமா?

பதில்: இழுக்காதீர்கள். பெரும்பாலும் குச்சித் துண்டு மேல்வாயில், இருபக்கக் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே குறுக்காக மாட்டியிருக்கும். நாயின் அண்ணம் மூக்குப் பக்கம் வரவரக் குறுகும். முன்னால் இழுத்தால் ஆப்பு மாதிரி இறுகிவிடும்.

மூன்று பேர் இருந்தால் நல்லது. ஒருவர் உடலை அணைத்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் மூக்குத்தண்டின் மேலாகக் கை வைத்து, மேலுதட்டைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள பற்களின் மேல் மடித்து அழுத்தி, மறுகையால் கீழ்த்தாடையை இறக்கட்டும். தன் உதடே கடிபடும் என்பதால் நாய் சட்டென்று வாயை மூடாது. மூன்றாமவர் டார்ச் வெளிச்சத்தில் தேக்கரண்டிக் காம்பை அண்ணத்துக்கும் குச்சிக்கும் நடுவே, ஒரு நுனிக்குப் பக்கத்தில் நுழைத்து, நாக்கை நோக்கிக் கீழே நெம்ப வேண்டும். ஒரு முனை கழன்றால் போதும். தலை தாழ்ந்தே இருக்கட்டும். நிமிர்த்தினால் துண்டு தொண்டைக்குள் போய்விடும். இரண்டு முயற்சிக்குமேல் வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தொண்டையில் விரலால் துழாவவும் கூடாது. நாவடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது நாயின் சொந்த எலும்பு; அதைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு! ஈறு நீலம்பாரித்து மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கிளம்புங்கள்.

வாயில் எதுவும் தென்படாமல், தாடை தொங்கி எச்சில் வடிகிறதா? தடுப்பூசி போடாத நாயா? கையே வைக்காதீர்கள். வெறிநோயும் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலவே காட்டும். எச்சில் காயத்தில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள்.

கேள்வி: எலும்பு வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டால்? நாக்கில் நூல் சுற்றிக்கொண்டால்?

பதில்: கோரைப்பல் பின்பக்கம் வளைந்தது, அதனால் வளையம் எளிதாக உள்ளே போகும், திரும்பி வராது. சமையல் எண்ணெய் தடவி, வளையத்தைச் சாய்த்து, ஒரு கோரைப்பல்லை முதலில் தாண்டவையுங்கள், பிறகு மற்றது. தாடை வீங்கியிருந்தால் மருத்துவர்தான் மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுக்க வேண்டும். வீட்டு ரம்பத்தைத் தொடாதீர்கள். நாய் ஒரு துள்ளு துள்ளினால் நாக்கே அறுபடும்.

நூல் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மறுமுனை குடலில் கிடக்கலாம். இழுத்தால் குடலை அறுத்துவிடும். வெளியே தொங்குவதை வெட்டாமல் அப்படியே விட்டு, நாயை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.