சாம்பாரின் அடியில் தங்குவது: புரதம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சைவம். தினமும் சாம்பார் வைக்கிறேன். அப்படியிருந்தும் நான் உண்ணும் புரதம் போதவில்லை என்கிறார் மருத்துவர். எப்படி?

பதில்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். இனி உங்கள் சாம்பாருக்கு வருவோம். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அந்தப் பருப்பில் வைத்த சாம்பாரை நான்கு பேர் மதியமும் இரவும் ஊற்றிக்கொண்டால், ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம்கூடத் தேறாது. அதுவும் கரண்டி எந்த ஆழத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது: மேலாகத் தெளிவை மொண்டு ஊற்றிக்கொள்பவருக்குக் கிடைப்பது புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான்; பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு அந்த அடிமண்டியாவது மிஞ்சுகிறதா என்பது தனிக் கேள்வி. ஆகவே பருப்பின் அளவைக் கூட்டுங்கள். வாரத்தில் சில நாள் சாம்பாருக்குப் பதில் கெட்டியான கூட்டோ பருப்புக் கடைசலோ செய்யுங்கள். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து, சுண்டலாக்கி உண்டால் 9 கிராம் அளவுக்குப் புரதம் சேரும். கீரை மிக நல்லதுதான், ஆனால் அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: தாவரப் புரதம் முழுமையற்றது என்கிறார்களே?

பதில்: புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம், பருப்பில் குறைவுபடும் மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்கிறது. இட்லி மாவில் அரிசியோடு உளுந்து சேர்வதால் இந்தக் குறை அங்கேயே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே நாளுக்குள் உண்டால் போதும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் கொடுக்கிறோம். சத்தெல்லாம் அதில் இறங்கிவிடும்தானே?

பதில்: இறங்காது. புரதத்தின் பெரும்பகுதி வெந்த பருப்பிலேயே நிற்கிறது. தெளிவை இறுத்துக் கொடுப்பதால் குழந்தையின் சிறு வயிறு தண்ணீரால் நிறைந்துவிடுகிறது, பருப்போ பெரியவர்களின் ரசத்துக்குப் போகிறது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, சோற்றோடு மசித்து, சிறிது நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் ஊட்டுங்கள். தாய்ப்பாலும் தொடரட்டும்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். பச்சை முட்டை குடிக்கலாமா? பவுடர் அவசியமா?

பதில்: வேகவைத்த முட்டையின் புரதம் ஏறக்குறைய 90 விழுக்காடு செரிக்கும், பச்சை முட்டையில் பாதிதான். சால்மோனெல்லா கிருமியின் அபாயம் வேறு. பவுடர் அவசியமில்லை. அது பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதமே தவிர, மந்திரம் அல்ல. மூன்று முட்டை அவித்துத் தின்றால் 18 கிராம் கிடைத்துவிடும், அதன் விலையையும் பவுடர் டப்பாவின் விலையையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்பதால் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினோம். சென்ற மாதம் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் அதே பத்தியம்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை, இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தை அளவோடு குறைக்கச் சொல்வது வழக்கம். டயாலிசிஸ் தொடங்கிய பின் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியேறுவதால், தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் தசை கரையும். முட்டையின் வெள்ளைக்கருவைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பருப்பிலும் பாலிலும் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு குறுக்கிடும். அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது, அப்பா இப்போது ஒரு நாளில் உண்பதை அளவோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.