மறதியை விடுங்கள், மகள் சொன்னதைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 44. நான்கு மாதம் முன்பு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் பிதற்றினேனாம். இப்போது வைத்த பொருள், தெரிந்த பெயர் எல்லாம் மறக்கிறது. வைரஸ் மூளையைத் தின்றுவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 75 வயதில் மறதி நோய் வந்தது, எனக்கும் அதுதானா? மூட்டுவலிக்கு டிரமடால் வாங்கிப் போடுகிறேன். சில நேரம் ஒரு நிமிடம்போல வெறித்துப் பார்த்து வாயை மெல்கிறேன் என்கிறாள் மகள். எனக்குத் தெரியவில்லை.
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மாவுக்கு வந்த நோய் இப்படி நாலே மாதத்தில் வருவதில்லை அம்மா. கடும் காய்ச்சலுக்குப் பிறகு கவனம் நிலைக்காமல் போவது சகஜம். வலியும் தூக்கக் குறைவும் அதைக் கூட்டும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தெளிந்துவிடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை இனித் திறக்காதீர்கள்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் அவசரம். வெறித்த பார்வை, மெல்லும் வாய், பிறகு அந்த நிமிடமே நினைவில் இல்லை என்றால் வலிப்பு என்றே சந்தேகிக்க வேண்டும். கைகால் உதறாமலும் வலிப்பு வரும். காய்ச்சலில் பிதற்றியதைப் பார்த்தால் அப்போதே மூளையில் அழற்சி இருந்திருக்கலாம். அது ஆறிய இடத்தில் தழும்பு நின்றால் மாதங்கள் கழித்தும் வலிப்பு கிளம்பும். நம் கடலூர்ப் பக்கத்து நெல்வயல்களில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். அடுத்த முறை வந்தால் மகள் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதும் பதியட்டும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். ஒரு இ.இ.ஜி. நன்றாக வந்துவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். வலிப்பு உள்ள பலருக்கும் முதல் பதிவில் ஒன்றும் தெரியாது.

டிரமடால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மாத்திரையா? வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து அது! வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் தொல்லை. அட்டையை நாளைக்கே டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி விடுங்கள்.

நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். குளியலறையை உள்தாழ் போடாதீர்கள், தனியாக அடுப்படியில் எண்ணெய் காய்ச்சாதீர்கள். நினைவு தப்பிச் சாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் கூடாது. வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ மகள் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.