கைவிடப்பட்ட பண்ணையை ஒரே மாதத்தில் வெட்டித் தள்ளலாமா?

கேள்வி: தாத்தா காலத்துப் பண்ணை, 25 ஏக்கர். முப்பது ஆண்டுகளாகச் சாகுபடி இல்லாமல் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. பழைய வீடு, பாழுங்கிணறு, வயதான மாமரங்கள் மிஞ்சியிருக்கின்றன. புல்டோசர் வைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கன்று நடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முப்பது ஆண்டுகள் இலை உதிர்ந்து மக்கிய மேல்மண்தான் இன்று உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. புல்டோசர் அதை வழித்து ஓரத்தில் குவித்துவிடும்; மிச்சத்தை அடுத்த பெருமழை கொண்டுபோகும்.

முதல் மழைக்காலம் முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மழை கொட்டும்போதே போய், தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே அரிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டுக் குறியுங்கள். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 25 ஏக்கரில் விழுவது சுமார் 10 லட்சம் லிட்டர். அது ஓடிப்போகும் நிலத்தில் நட்ட கன்று கோடையைத் தாங்காது. ஆகவே முதல் செலவு சரிவுக்குக் குறுக்கே போடும் சமமட்ட வரப்புகளுக்கு. வேலை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும். மேலே அரிப்பு இருக்கக் கீழே குளம் வெட்டினால் குளம் வண்டலால் மேடாகும்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் கொத்தாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் முளைத்துக்கொண்டிருக்கும். அந்த நாற்றுகளைப் பிடுங்க எவ்வளவு ஆள்பலம் இருக்கிறதோ, அவ்வளவு பரப்பை மட்டுமே ஓர் ஆண்டில் எடுங்கள். காய் உதிரும் பருவத்தில் ஆடுமாடுகளை அங்கே விடாதீர்கள். சாணத்தோடு விதை பரவும்.

தோண்டுவதற்கு முன் புதருக்குள் தேடிப் பாருங்கள். எப்போதோ வெட்டப்பட்ட நல்ல மரங்களின் அடிக்கட்டைகள் துளிர்விட்டபடி இருக்கக்கூடும். ஆழ வேர் ஏற்கெனவே இருப்பதால் அந்தத் துளிர் புதுக்கன்றை முந்திவிடும். நைஜர் நாட்டு உழவர்கள் 1980கள் தொடங்கி இப்படிப்பட்ட துளிர்களில் வாளிப்பானவற்றை விட்டு, மற்றவற்றைக் கழித்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள். எனக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. கன்று வாங்குவது இதற்குப் பிறகுதான்.

மாமரங்களில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவுங்கள். கடுமையாகக் கவாத்து செய்த மரம் மறுபடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

வீட்டில் முதலில் கூரை ஒழுகலை நிறுத்துங்கள். சுவரில் வேரோடிய அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். அறுத்துவிட்டு வேரைப் படிப்படியாகச் சாகடியுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை உதிர்த்துவிடும்.

கிணற்றுக்கு உடனே வேலி போடுங்கள். தூர்வார யாரையும் அவசரப்பட்டு இறக்காதீர்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்து நச்சு வாயு தங்கியிருக்கலாம். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே இறந்துபோவது நடக்கிறது. காற்றைச் சோதிக்கும் கருவியும் மீட்புக் கயிறும் உள்ள பயிற்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள்.