அம்மாவின் டிரங்குப் பெட்டியை என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் இருக்கிறோம். விரைவில் ஈப்போவில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறப் போகிறோம். காலமான அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைகள், அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கத்தி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு, அப்பா எழுதிய கடிதங்கள், பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. வைக்க இடமில்லை, வீசவும் மனம் வரவில்லை. சுவரில் மாட்டுகிற மாதிரி ஏதாவது செய்யலாமா?

பதில்: செய்யலாம் சகோதரி. ஆனால் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். எல்லாம் பிரேமுக்குள் போனால் பெட்டியில் இருந்த நெருக்கடி சுவருக்கு ஏறிவிடும். ஒன்றோ இரண்டோ போதும்.

முதலில் பத்திரங்களைத் தனியே எடுத்து வையுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பழைய அடையாள அட்டை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தாள் எதிலும் கத்தரி படக்கூடாது. மலேசியக் குடியுரிமைக்காக இன்னும் அலைகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெற்றோரின் ஒரு பழைய தாள் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படலாம். லேமினேட்டும் செய்ய வேண்டாம், அதைப் பிறகு பிரிக்க முடியாது.

அப்புறம், எந்தப் பொருளைக் கையில் எடுத்ததும் அம்மாவைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது என்று பாருங்கள். விலையைப் பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால் பால்வெட்டுக் கத்தியைத்தான் சொல்வேன். ஒரு நாள் கட்டிய கூறைச் சேலையில் இல்லாத அம்மா, தீட்டித் தீட்டித் தேய்ந்த அந்த முனையில் இருக்கிறார். கைப்பிடியில் கை பட்டு வந்த மினுக்கத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள், வார்னிஷும் வேண்டாம். உதிர்கிற துருவை மட்டும் மெல்லிய இரும்புப் பஞ்சால் நீக்கி, மெழுகை லேசாகப் பூசுங்கள். ஆழமான பெட்டி பிரேமில் கத்தியையும் மங்கையும் செப்புக் கம்பியால் கட்டி நிறுத்தலாம். உருக்கி ஒட்டும் சூட்டுப் பசை வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது இளகும், பொருளிலும் கறை விடும்.

அதற்குப் பின்னணியாகச் சேலைத் துணியை வைத்தால் அழகாக இருக்கும். நல்ல சேலையை வெட்டாதீர்கள். கிழிந்தது, கறை பட்டது, மடிப்பில் விட்டுப்போன பட்டு, இவற்றில் தேறுகிற பகுதியை எடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்க வேண்டாம். துவைத்துக் காய்ந்த சாயமில்லாத பருத்தித் துணியின் மேல் அதை வைத்து, மெல்லிய நூலால் கையால் தையுங்கள். கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவில் சிறு கட்டை கொடுத்து இடைவெளி விடாவிட்டால், ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும்.

கட்டக்கூடிய சேலைகளை அத்தை, சித்தி, அக்கா என்று கொடுத்துவிடுங்கள், அவர்கள் கட்டட்டும். உடன்பிறந்தவர்கள் கேட்டால் ஒரே சேலையிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பதும் நல்ல யோசனை.

கடிதங்களின் மூலத்தை மாட்டவே வேண்டாம். பேனா மை வெளிச்சத்தில் வெளுக்கும். 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து வண்ணப் பிரதியை மாட்டுங்கள். மூலத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, மூடி இறுகும் பெட்டியில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தையும் வையுங்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு ஈரம்தான் பிடிக்கும்.

புதிய வீட்டில் குளியலறைச் சுவரும், வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம். பிரேமின் பின் மூலைகளில் ரப்பர் துண்டு ஒட்டினால் காற்று போகும். மாட்டுவதற்கு முன் பின்பக்க அட்டையில் அம்மாவின் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் வேலை செய்த ஆண்டுகள் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை ஊறிப் பரவும்.