ஆன்டிவைரஸ் வாங்குமுன் ‘அலோ’ பட்டனைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கிறார். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக அப்பாவுக்கு மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. லேப்டாப்பில் இ-பேப்பர் படிப்பார், ராசிபலன் பார்ப்பார், பழைய பாட்டு கேட்பார், பென்ஷன் வந்துவிட்டதா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் திரையின் வலது ஓரத்தில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று ஓயாமல் வந்து பயமுறுத்துகிறது. கடைக்காரர் இரண்டு முறை ஃபார்மேட் செய்தும் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் வைரஸே இல்லை. அடுத்த முறை அந்த எச்சரிக்கை வரும்போது அம்மாவிடம் சொல்லி மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய எழுத்தையும் சிவப்பு முக்கோணத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘கூகுள் குரோம்’ என்றும், அதோடு ஏதோ வாயில் நுழையாத ஓர் இணையதளப் பெயரும் இருக்கும். விண்டோஸின் சொந்த எச்சரிக்கையாக இருந்தால் அங்கே ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று இருக்க வேண்டும். ஆக, இது ஏதோ ஒரு தளம் அனுப்பும் விளம்பரம். அதற்கு அனுமதி கொடுத்தது அப்பாவின் விரல்தான். ராசிபலன் தளத்திலோ பாட்டுத் தளத்திலோ ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ-வை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும். அலோ என்றால் அனுமதி, அவரும் அழுத்தியிருப்பார். இதற்கு மறதி கூட வேண்டாம், அவசரத்தில் நாமும் அழுத்துவோம்.

குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் தொடங்கி செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அத்தனையையும் நீக்கிவிட்டு, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்ற தேர்வை வையுங்கள். அதன்பிறகு அந்தக் கேள்வியே அப்பாவிடம் வராது. வராத கேள்விக்குத் தவறான பதில் சொல்ல முடியாது அல்லவா? மறதி உள்ளவர்களின் கணினியில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்வேன். ‘பார்த்து அழுத்துங்கப்பா’ என்று நூறு முறை சொல்வதால் பயனில்லை. அழுத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

சரி, ஃபார்மேட் செய்தும் ஏன் திரும்பி வந்தது? அதே தளங்களுக்குப் போய் மறுபடி அலோ அழுத்தியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, கடைக்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. குரோமில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கூடுதல் புரோகிராம்கள், லேப்டாப்பில் மட்டும் இருப்பதில்லை. சின்க் போட்டிருந்தால் அப்பாவின் கூகுள் கணக்கிலும் பதிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கை முழுக்கத் துடைத்தாலும், ஜிமெயில் போட்டுக் குரோமில் நுழைந்த உடனே கூப்பன் தேடித் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்த எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற விளம்பரத் தடுப்பானை மட்டும் சேருங்கள். அது இலவசம். தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும் விளம்பரங்களே கண்ணில் படாமல் போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பழக்கினால் முழு யூபிளாக் ஆரிஜினே கிடைக்கும். ஆனால் மறதி உள்ளவருக்குப் பழகிய பிரவுசரை மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி விண்டோஸ். இப்போது அப்பா அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பார், வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் அப்படித்தான். உங்களுக்கென்று தனியாக ஓர் அட்மின் கணக்கை உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு அப்பாவின் கணக்கை ஸ்டாண்டர்டு யூசராக, அதாவது அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் கணினி முழுமைக்குமான மாற்றங்களைச் செய்ய முடியாதவராக மாற்றுங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஆப்ஸ் செட்டிங்ஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டுமே ஆப் ஏற்றலாம் என்ற தேர்வும் உண்டு, அதையும் போடுங்கள். இதெல்லாம் முழுக் காப்பு என்று நினைக்க வேண்டாம். குரோம் எக்ஸ்டென்ஷனுக்கு அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. நிறுவாமலே ஓடும் புரோகிராம்களும் இருக்கின்றன.

ஆன்டிவைரஸ் என்று கேட்டீர்களே, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே அப்பாவின் உபயோகத்துக்குப் போதும். காசு கொடுத்து வாங்குவது ‘சந்தா முடிகிறது, புதுப்பிக்கவும்’ என்று அதுவும் ஓர் எச்சரிக்கை காட்டும். எது நிஜம், எது பொய் என்று அவர் குழம்ப இன்னொரு காரணம் ஆகும். ஆனால் டிஃபெண்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பாருங்கள். கடையில் போட்டுக் கொடுத்தது திருட்டு விண்டோஸ் என்றால், அதை ஆக்டிவேட் செய்யும் கிராக் புரோகிராமைக் கண்டுகொள்ளாதே என்று டிஃபெண்டருக்கே விலக்கு கொடுத்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலைத் திறந்தால் தெரிந்துவிடும். அதில் ஏதாவது இருந்தால் அசல் விண்டோஸை வாங்கிப் புதிதாகப் போடுவதுதான் வழி. அதே இடத்தில் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் என்பதற்குள் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வையும் ஆன் செய்துவிடுங்கள். விளம்பரம் காட்டியே தொல்லை தரும் ஆட்வேர்களில் பல அதில் சிக்கும்.

லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 11-க்கு ஏறுமா என்று பாருங்கள். ஏறாத பழைய மெஷின் என்றால் அதில் வங்கி வேலை வேண்டாம்.

உண்மையான ஆபத்து அந்த வலது ஓரத்துப் பெட்டி அல்ல, அதை அழுத்தினால் வருவதுதான். திரை முழுக்க மைக்ரோசாஃப்ட் பெயர், சைரன் சத்தம், ‘உடனே இந்த எண்ணை அழையுங்கள்’. அழைத்தால் மிக மரியாதையாகப் பேசுவார்கள், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை இறக்கச் சொல்வார்கள், அப்புறம் லேப்டாப் அவர்கள் கையில். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. இது ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டுங்கள்: ‘போன் நம்பர் காட்டினால் பொய். பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடிக்கவும். பிறகு எனக்குப் போன் செய்யவும்.’ எஸ்கேப், ஆல்ட் எஃப்4 எல்லாம் உங்களுக்கும் எனக்கும் சரி, அப்பாவுக்குப் பவர் பட்டன் போதும். திரும்ப ஆன் செய்யும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று குரோம் கேட்டால் வேண்டாம் என்று விடவேண்டும்.

நீங்கள் புனேயிலிருந்து உதவ, ஊருக்குப் போகும்போதே குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை உங்கள் கூகுள் கணக்கில், பின் நம்பரோடு அமைத்துவிடுங்கள். அப்பா எதையும் இறக்கவோ எண் சொல்லவோ வேண்டியிருக்காது. அதனால் ‘இதை இறக்குங்கள், அந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், அது ஏமாற்று என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு: பென்ஷன் வந்ததா என்று பார்க்கத்தானே வேண்டும்? ஸ்டேட் வங்கி போன்ற வங்கிகளில் நெட் பேங்கிங்கைப் பார்க்க மட்டும் என்ற உரிமையோடு வைத்துக்கொள்ளலாம். அப்பாவோடு கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

இதையெல்லாம் அவர் தூங்கும்போது செய்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் செய்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள். தன் லேப்டாப்பை யாரோ பூட்டிவிட்டார்கள் என்று தோன்றினால் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுவார். அந்தப் பையன் பாஸ்வேர்டு கேட்டு உங்களுக்கே போன் செய்வான்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது, திரையில் வந்த ஏமாற்று எண் எதற்காவது ஏற்கெனவே போன் செய்தாரா என்று மெதுவாகக் கேளுங்கள். திட்டுவீர்கள் என்று தெரிந்தால் சொல்ல மாட்டார். செய்திருந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றி, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் ஊருக்குப் போகும்வரை காத்திருக்காமல் சைபர் மோசடிகளுக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முயல்வார்கள், எனவே இங்கே நிமிடக் கணக்குதான்.