தரையில் ஓடும் மிளகுக்கொடியை வெட்டலாமா?

கேள்வி: கல்யாண முருங்கையில் ஏற்றிவிட்ட எங்கள் மிளகுக்கொடி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் அதன் தூரிலிருந்து நாலைந்து மெல்லிய கொடிகள் தரையோடு ஓடி, போகும் இடமெல்லாம் வேர்விடுகின்றன. பூக்காத இவற்றை வெட்டி எறியலாமா? பக்கத்திலுள்ள வல்லாரையும் இப்படித்தான் பரவுகிறது, இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: எறிந்துவிடாதீர்கள், உங்கள் அடுத்த நாற்றங்கால் அந்தக் கொடிகளில்தான் இருக்கிறது. இவற்றை ஓடுதண்டுகள் என்பார்கள். வல்லாரையில், ஈரமண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவும் கீழே வேரும் மேலே இலைக்கொத்தும் விட்டு, இடையிலுள்ள தண்டு அறுந்தாலும் தனிச்செடியாகப் பிழைத்துக்கொள்ளும். மிளகின் ஓடுகொடியும் கணுவில் வேர்விடுவதால் அந்த வகையில் இரண்டும் ஒன்றே.

விதையின்றி வருவதால் இந்தக் கன்று தாய்க்கொடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். உதிரன்கொட்டா, செறியகாணியக்காடன் ஆகிய இரண்டு மிளகு ரகங்களையும் கலந்து உருவாக்கிய பன்னியூர்-1 போன்ற கலப்பின ரகத்தின் விதையை முளைக்கவைத்தால் கன்றுகள் பலவிதமாக வரும். கொடித்துண்டில் அந்தக் கவலை இல்லை. காய்க்கும் பக்கக்கிளையை நட்டாலும் வேர்பிடிக்கும் என்றாலும், அது மரமேறாமல் குத்துமிளகாகவே, அதாவது புதர்ச்செடியாகவே, நின்றுவிடும். மரமேறும் கொடி வேண்டுமென்றால் ஓடுகொடியே ஏற்றது.

ஆகவே, நோயின்றி நிறையக் காய்க்கும் கொடியைக் காய்ப்புக் காலத்திலேயே அடையாளம் வைத்து, அதன் ஓடுகொடிகள் மண்ணில் வேர்விடாதபடி தூருக்கு அருகே நட்ட குச்சியில் சுற்றிவிடுங்கள். மாசி, பங்குனியில் அவற்றை அறுத்து, இளநுனியையும் முற்றிய அடிப்பகுதியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி பாலித்தீன் பைகளில் நட்டு நிழலில் வையுங்கள். மழை தொடங்கியதும் தோட்டத்தில் நடலாம். மூன்றாம் ஆண்டில் காய்ப்பு தொடங்கும்.

நாற்றுக்குத் தேவையில்லாத கொடிகளை மட்டும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அறுத்துவிடுங்கள், அல்லது தூக்கித் தாய்க்கொடியோடு கட்டிவிடுங்கள். உங்கள் பகுதியில் துருதவாட்டம் என்று சொல்லப்படும் வாடல் நோயின் கிருமி மண்ணில் வாழ்வது. மழைத்துளி தெறிக்கும்போது தரையில் கிடக்கும் இளங்கொடியையும் இலையையும் முதலில் பற்றி, அங்கிருந்து பெருங்கொடிக்கு ஏறும். வேர்விட்ட கணு பிழைக்க வழியாவதைப் போலவே, மண்ணைத் தொட்ட கொடி நோய்க்கும் வழியாகிவிடும். வல்லாரையைப் பொறுத்தவரை, கொடியின் தூரைவிட்டு அதைச் சற்றுத் தள்ளிப் படரவிட்டால் போதும்.